பாதியில் நின்ற வண்டியை எங்கே விற்பது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரித்துப் போட்டு முடிக்காமல் விட்ட பழைய பைக்குகளைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1984 புல்லட் 350 இருக்கிறது. பிரேம் பவுடர் கோட்டிங் முடிந்தது. சிலிண்டர் போர் போட்டு (உள்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி), புது பிஸ்டனும் வாங்கிவிட்டேன். எஞ்சின் இன்னும் கோர்க்கவில்லை. டேங்க், மட்கார்டு பெயிண்ட் அடிக்கவில்லை, வயரிங் அறவே இல்லை. ஆர்.சி. என் பெயரில்தான், ஆனால் 2019-இல் காலாவதி. இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் கிளம்புகிறேன். மெக்கானிக் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் வேண்டாம் என்கிறார்கள். நண்பர்கள் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். எங்கே விற்பது?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, திருச்சி, மதுரை வட்டாரத்துப் புல்லட் ஆட்களுக்கு நேரடியாக விற்கப் பாருங்கள். ஒரு மாதத்தில் படியாவிட்டால் மெக்கானிக்குக்குக் கொடுங்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டாம்.

கன்சல்டிங்காரர் வேண்டாம் என்றதில் வருத்தப்பட எதுவும் இல்லை. அவருக்குத் தேவை, காலையில் வாங்கி மாலையில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டக்கூடிய வண்டி. கோணியில் கிடக்கும் எஞ்சினை அவரால் காட்டவும் முடியாது, அதற்குக் கடன் ஏற்பாடு செய்யவும் முடியாது. வற்புறுத்தினால் இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு தொகை சொல்வார்.

சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தை. அங்கே வாங்குபவர் டேங்க் எவ்வளவு, கியர்பாக்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாகத்தான் கணக்குப் போடுவார். நீங்கள் பிரேமுக்குச் செய்த பவுடர் கோட்டிங்குக்கும் ரத்தாகாமல் இருக்கும் உங்கள் பதிவெண்ணுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. உங்கள் வண்டியின் பெரிய பலமே சொந்தப் பெயரில் ஆர்.சி. இருப்பதுதான். அதற்குக் காசு கொடுப்பவர் வண்டியைக் கட்டி ஓட்டப்போகிறவர் மட்டுமே. காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டைக் கோர்க்கத் தெரிந்தவர்கள் திருச்சியிலும் மதுரையிலும் நிறைய உண்டு. இரண்டு ஊரும் உங்களுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள். குட்டியானை வைத்து ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். சென்னைக்காரரோ பெங்களூர்க்காரரோ புல்லட்டுக்காகச் செட்டிநாடு வரை வரமாட்டார், ஏனென்றால் அவர் ஊரிலேயே அது கிடைக்கிறது. ராஜ்தூத் 350, பழைய ஜாவா, வெளிநாட்டு பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்றவை என்றால் தூரம் பார்க்காமல் வருவார்கள். வண்டி எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு தூரம் விளம்பரம் போக வேண்டும். உங்களுடையது பக்கத்து மாவட்டங்களோடு நின்றால் போதும்.

மெக்கானிக்கைக் குறைத்து எண்ணாதீர்கள். எந்த போல்ட் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். மற்ற எவரும் 'உள்ளே என்ன குறையோ' என்ற பயத்துக்காகக் கழிக்கும் பணத்தை அவர் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கூலி பாக்கி இருந்தால் அதை வண்டி விலையோடு கலக்காதீர்கள். பாக்கியைத் தனியாகத் தீர்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள். கலந்தால் இரண்டு பக்கமும் ஏமாந்ததாக நினைப்பதுதான் நடக்கும்.

விலையை இப்படிப் போடுங்கள். முறையைக் காட்டத்தான் இந்த எண்கள், சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பகுதியில் இதே ரகம் ஓடுகிற நிலையில், காகிதம் சரியாக இருந்து 1,10,000 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். மீதி வேலை: எஞ்சின் கோர்க்கக் கூலி, பேரிங், கேஸ்கெட் 12,000, பெயிண்ட் 9,000, டயர், ட்யூப் 6,000, வயரிங் 4,000, ஆர்.சி. புதுப்பிக்கும் செலவு 5,000. மொத்தம் 36,000. திறந்து பார்த்தால் வரும் புதுச் செலவுக்கு இதில் கால்வாசி, 9,000. ஆக 45,000 கழித்தால் 65,000. வாங்குபவர் நாலைந்து மாதம் காத்திருந்து உழைக்கப்போகிறார். அதற்கு அவர் 10,000 முதல் 15,000 எதிர்பார்ப்பது நியாயம். 50,000-இலிருந்து 55,000-க்குள் முடியும். நீங்கள் இதுவரை போட்ட பணம் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது என்பதைக் கவனியுங்கள். முடிக்காத வண்டியை விற்பவர்கள் மாதக்கணக்கில் தேங்குவது இந்த ஒரு இடத்தில்தான்: பில்லைக் கூட்டி விலை சொல்வார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விளம்பரம் போடுமுன் மூன்று வேலை செய்யுங்கள்.

முதலில் சேஸிஸ் எண். பவுடர் கோட்டிங் கனமாகப் படியும். பொறித்த எண்ணை நிரப்பிவிடும். அதற்கு முன் செய்யும் சாண்ட் பிளாஸ்டிங் அதிகமானால் எண்ணின் விளிம்பே மழுங்கும். பென்சிலால் தேய்த்து எண் தாளில் தெளிவாக விழுகிறதா பாருங்கள். விழவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி, மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். கிரைண்டரையோ உப்புத்தாளையோ அங்கே கொண்டுபோகவே கூடாது. ஆய்வாளர் கண்ணுக்கு அது எண்ணை அழிக்கப் பார்த்த தடயமாகத் தெரியும். அதன்பிறகு நல்ல வண்டிக்கும் பெயர் மாறாது. எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றா என்றும் இப்போதே ஒத்துப்பாருங்கள்.

அடுத்தது பாகங்களின் பட்டியல். எல்லாவற்றையும் ஒரு ஜமுக்காளத்தில் பரப்பி, மேலிருந்து ஒரு படம். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ், ஹெட்லைட் பகுதி, டூல் பாக்ஸ் மூடிகள், டேங்க்கின் அடிப்பாகம் என்று தனித்தனிப் படங்கள். கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து எடுங்கள். அவை ஜோடியாகக் கடைந்தவை, வேறு வண்டிப் பாதியோடு கலந்திருந்தால் பேரிங் நேர்கோட்டில் உட்காராது. விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான். இல்லாததையும் எழுதுங்கள். புல்லட் எஞ்சினின் உள்பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். பழைய தகர வேலைகள், அதாவது அசல் மட்கார்டு, டூல் பாக்ஸ், டேங்க், இவைதான் கிடைக்காதவை. அவை உங்களிடம் இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மூன்றாவது, போர் போட்ட சிலிண்டர். புதிதாகத் தேய்த்த காஸ்ட் அயர்ன் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் சில நாளிலேயே துருப்பிடிக்கும். உள்சுவரில் எஞ்சின் ஆயில் தடவி, எண்ணெய்த் துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். லேத் பட்டறையில் கொடுத்த ரசீதும் பிஸ்டன் பெட்டியும் அதோடு இருக்கட்டும். எந்த ஓவர்சைஸ் (அசல் அளவைவிட எவ்வளவு பெரிது) என்று எழுத்தில் இல்லாத போரை வாங்குபவர் மறுபடி போர் போடும் செலவாகவே கணக்கில் எடுப்பார்.

ஆர்.சி.யை நீங்கள் புதுப்பிக்க முடியாது, ஏனென்றால் அதற்கு வண்டி ஓடும் நிலையில் ஆய்வுக்கு நிற்க வேண்டும். 'பதிவு 2019-இல் முடிந்தது, புதுப்பிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது' என்று விற்பனைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு கையெழுத்துக்கு அலைய முடியாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அடையாள நகல்கள் எல்லாம் கிளம்புமுன் தயாராகட்டும். ஓ.டி.பி. வரும் செல்பேசி எண் வெளிநாட்டிலும் உங்கள் கையில் இருக்குமா என்றும் யோசியுங்கள். பல பெயர் மாற்றங்கள் அங்கேதான் முடங்குகின்றன. வாங்குபவர் பெயர் எழுதாத வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: 1993 ஆர்.எக்ஸ். 100. ஆறு வருடமாக நின்றதில் எஞ்சின் ஜாம், டேங்க் உள்ளே துரு. ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. முழுவதும் முடித்துவிட்டு விற்றால் லாபமா, அப்படியே விற்பதா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: முழுவதும் முடிக்க வேண்டாம். ஆனால் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: எஞ்சினைச் சுற்ற வையுங்கள், டேங்க்கைச் சுத்தம் செய்யுங்கள். 'ஜாம்' என்ற வார்த்தைக்கு வாங்குபவர் மனதில் கிராங்க், போர், கேஸ் என்று எல்லாச் செலவும் ஏறும். 'கையால் சுற்றுகிறது' என்றால் பாதி பயம் போய்விடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டை வழியே ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். கிக்கரை மிதித்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். கிக் கியரின் பல் போகும். மேக்னெட் பக்கத்து நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி மரக்கட்டை வைத்துத் தட்டி எடுங்கள். பிஸ்டன் தலையில் இரும்புச் சுத்தியல் படக்கூடாது, அலுமினியம் குழிந்துவிடும்.

சுற்ற ஆரம்பித்தவுடன் ஸ்டார்ட் செய்து காட்டும் ஆசை வரும். வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸும் காற்றடைப்பு உள்ள அறைதான். ஆறு வருடத்தில் ஆயில் சீல் கல்லாகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்றை உறிஞ்சி, கலவை பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயிலை இழுத்து வெண்புகையாகத் தள்ளும். ஈரம் ஏறிய கிராங்க் பேரிங்கும் சத்தம் போடும். எப்படி ஓடினாலும் மோசமாகத்தான் ஓடும், அந்த வீடியோ உங்கள் விலையைக் குறைக்கும். சுற்றுகிறது, சீல் மாற்றவில்லை, ஸ்டார்ட் செய்யவில்லை என்று உள்ளதைச் சொல்வதே விலைக்கு நல்லது. சிலிண்டரைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் பொறித்த அளவைப் பாருங்கள். இதன் அசல் போர் 50 மில்லிமீட்டர்; 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் போகும். 0.25 இருந்தால் சந்தோஷமாக விளம்பரத்தில் போடுங்கள். 1.00 வந்துவிட்டது என்றால் அடுத்தது புது ஸ்லீவ் அல்லது புது பிளாக்தான், அதையும் மறைக்காதீர்கள்.

டேங்க்குக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு. துருவோடு நல்ல தகரத்தையும் தின்று, கழுவிக் காயுமுன்பே மறுபடி துரு பூக்கும். அதைவிட மின்முறை பாதுகாப்பானது. பெட்ரோல் முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசுங்கள், வாசனையே இருக்கக்கூடாது. பெட்ரோல் குழாயைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து நிரப்புங்கள். வாய்ப்பகுதியில் ஒரு சாதா இரும்புக் கம்பியை டேங்க்கைத் தொடாதபடி தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவை அதற்கும் நெகட்டிவை டேங்க்குக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். ஸ்டெயின்லெஸ் கம்பி கூடாது, அதிலிருந்து குரோமிய நஞ்சு இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த முற்றத்தில், நெருப்பே இல்லாத இடத்தில் செய்யுங்கள். கம்பியைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் சார்ஜரை நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டு, கம்பியைச் சுரண்டித் துடைத்து மீண்டும் போட்டால் இரண்டாம் நாளில் துரு கழன்றுவிடும். வெந்நீரில் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் டூ-டி (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஆயில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். செலவு மிகக் குறைவு; டேங்க் உள்ளே டார்ச் அடித்து எடுத்த ஒரு படம் விலையைத் தாங்கி நிற்கும்.

இதற்கு மேல் பெயிண்ட், புது சீட், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். அசல் சைலன்சர், அசல் கார்புரேட்டர், ஆயில் பம்ப் இருந்தால் நிறம் மங்கியிருந்தாலும் அப்படியே காட்டுங்கள். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டிய வண்டி என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் முதல் சவாரியிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விற்பது காரைக்குடியிலேயே. கல்லூரி மாணவர்களும் பட்டறைப் பையன்களும் இந்த வண்டியை எந்த நிலையிலும் தேடுகிறார்கள். விளம்பரத்துக்கு முன் ஸ்பேர் கடையிலும் லேத்திலும் சொல்லிவையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்கத் தயங்குவார்கள்; தை பிறந்து, வெளியூர்க்காரர்கள் பொங்கலுக்கு ஊரில் இருக்கும் நாட்கள் நல்லவை.

கேள்வி: பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டின் வண்டிக் கொட்டகையில் எங்கள் ஐயா வாங்கிய 1968 ஜாவா பாதி பிரித்த நிலையில் இருக்கிறது. ஆர்.சி. ஐயா பெயரில், அவர் காலமாகிவிட்டார். வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கேட்டால் உடனே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். பழம்பொருள் கடை அதை முகப்பில் நிறுத்தும் காட்சிப் பொருளாகப் பார்க்கிறது. தூணுக்கும் நிலைக்கதவுக்கும் அவர்கள் சொல்லும் விலையில் நியாயம் இருக்கலாம். ஓடக்கூடிய ஜாவாவுக்கு அது இடமில்லை. மைசூரில் 1960-களில் தொடங்கி 1996 வரை ஓடிய தொழிற்சாலையின் வண்டி இது. ஜாவாவையும் அதே தொழிற்சாலையின் எஸ்டியையும் கட்டுபவர்கள் பெங்களூர், மைசூர், கோவை, சென்னை என்று பரவியிருக்கிறார்கள். இதற்கு உங்கள் விளம்பரம் தூரம் போகத்தான் வேண்டும்.

அதற்கு முன் காகிதம். முதலில் பங்காளிகளிடம் பேசுங்கள். வண்டி வீட்டின் பங்கோடு சேராது. ஐயாவின் சட்டப்படியான வாரிசுகளுக்கு உரியது. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் இவற்றோடு படிவம் 31-இல் ஒரே வாரிசின் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இதற்கான மூன்று மாதக் கெடு எப்போதோ கடந்திருக்கும். தாமதத்துக்குத் தண்டம் கட்ட நேரலாம். 1968 புத்தகம் என்பதால் பதிவு இன்னும் பழைய ஏட்டிலேயே இருந்து, அரசின் இணையப் பதிவேடான வாகன் தளத்தில் ஏறாமல் இருக்கக்கூடும். முதலில் அந்த எண்ணைத் தளத்தில் தேடுங்கள். வராவிட்டால் பதிவு செய்த அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றித்தரச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். ஏட்டில் வண்டி இருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால், அதற்கு மேல் ஒரு போல்ட்கூட முடுக்காமல் விலை உயரும்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. 'விஏ' எழுத்து வரும் பழம்பெரும் வாகனப் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. வண்டி அசல் வடிவில், பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பதிவை வாங்குபவர் முடிவு செய்துகொள்ளட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அசல் பாகம் எதையும் தூக்கிப் போடாமல் இருப்பது. இதில் கியர் லீவரே கிக்கராகவும் மாறும். அந்த லீவரும் மூடியும் கோணிக்குள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மெக்கானிக் 'இது ஆகாது' என்று ஒதுக்கிய துருப்பிடித்த சைலன்சரும் வேண்டும்.

கேள்வி: ஆர்.சி. தொலைந்துவிட்டது, வண்டி என் பெயரிலும் இல்லை. பிரித்து ஸ்பேராக விற்றுவிடலாமா?
– புதுவயல் வாசகர்

பதில்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கிடைத்தால், அவரிடமிருந்து காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையும் படிவம் 26-இல் நகல் ஆர்.சி.யும் பெறப் பாருங்கள். கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் படிவம் 35-ம் வேண்டும். அவர் கிடைக்கவே மாட்டார் என்றால், சக்கரம், சீட், விளக்கு, கார்புரேட்டர் போன்ற எண் பொறிக்காதவற்றை, நீங்கள் வண்டி வாங்கியதற்கான சான்று கையில் இருந்தால் மட்டும் விற்கலாம். பிரேமையும் எஞ்சின் கேஸையும் எவருக்கும் விற்காதீர்கள். காகிதம் இல்லாத பிரேமுக்கு நல்ல விலை சொல்லி வருபவர், வேறு வண்டியின் எண்ணை அதில் ஏற்றப்போகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். காயலான் கடையில் எடைக்குப் போடுவதும் சரியில்லை, எண்ணோடு அது வெளியே போய்விடும். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் உரிமைச் சான்று இருந்தால்தான் எடுக்கும். அதனால் எல்லா வழியும் பெயரில் உள்ளவரைத் தேடுவதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் சொந்தப் பெயர் வண்டியாக இருந்து, பிரித்தே விற்பது என்று முடிவானால், 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

கேள்வி: என் எஸ்டி ரோட்கிங்குக்கு பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். பார்க்காமலே எடுத்துக்கொள்கிறாராம். அட்வான்ஸுக்கு ஒரு கியூ.ஆர். அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். வண்டியை எப்படி அனுப்புவது?
– பொன்னமராவதி வாசகர்

பதில்: அனுப்பவே வேண்டாம். பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். உண்மையான எஸ்டி ஆள் பார்க்காமல் வாங்கமாட்டார். கிராங்க் ஆட்டம் எவ்வளவு, எந்த எண், ஸ்போக் ரிம் அசலா என்று கேள்வி கேட்டே உங்களைக் களைப்பாக்குவார்.

அப்படி ஒருவர் வந்தால், முழுப்பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ நீங்களே பாருங்கள், குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். வேறு மாநிலம் என்பதால் பதிவு அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வேண்டும். அதற்கு வரி பாக்கியும் அபராத பாக்கியும் தீர்ந்திருக்க வேண்டும். லாரி பார்சல், ரயில் பார்சல் இரண்டிலும் பெட்ரோல் சொட்டு இல்லாமல் வடிக்க வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள நகலும் கேட்பார்கள். பிரித்த வண்டிக்கு ரயிலைவிட வாங்குபவரே ஆள் அனுப்பி ஏற்றுவது நல்லது. டேங்க்கையும் சைட் பாக்ஸையும் தனித்தனியாக வைக்கோலும் கோணியும் சுற்றிக் கட்டுங்கள். சிறு பாகங்களைப் பகுதிவாரியாகப் பையில் போட்டு எழுதி ஒட்டுங்கள். ஏற்றும்போது பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரண்டு பிரதியில் வாங்குபவரின் ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.